வண்ணம் உண்ட வாழ்வு

பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ மாநிலத்தில், காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் பிரோடோவ்ஸ்கி. பிழைப்புத் தேடி இத்தாலியிலிருந்து கடல் கடந்து வந்த உழைப்பாளர் குடும்பம் ஒன்றில், பன்னிரண்டு பிள்ளைகளுள் இரண்டாமவராக, 1903ஆம் ஆண்டு டிசம்பரில் அங்குப் பிறந்தார் கேண்டிடோ போர்ட்டினாரி. தொடக்கப்பள்ளிக்கு அப்பால் அவருக்குப் பள்ளிக்கல்வி வாய்க்கவில்லை. செம்மண்ணில் வெறுங்காலோடு நடந்து காப்பி மூட்டை சுமந்த தொழிலாளர்களின் பாதங்களே அவர் கூர்ந்து கற்ற முதற்பாடம். பிற்காலத்தில் அவர் தீட்டிய உழவர்களின் கைகளும் கால்களும் உடலளவை மீறிப் பருத்திருப்பதன் காரணம் இதுவே.

ஊர்த் தேவாலயத்தை அழகுபடுத்த வந்த நாடோடி ஓவியர்களுக்கு உதவியாளாக நின்ற சிறுவன், பதினைந்து வயதளவில் ரியோ டி ஜெனிரோ நகருக்குச் சென்று தேசிய நுண்கலைப்பள்ளியில் சேர்ந்தான். 1928இல் வென்ற பரிசு அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. பாரிசில் அவர் தீட்டியவை மிகச் சில. பார்த்தவை மிகப் பல. அங்கிருந்தபோதுதான் தாம் வரைய வேண்டியவர்கள் தம் ஊர் மக்களே என்னும் தெளிவு பிறந்தது. 1931இல் நாடு திரும்பினார். 1935இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியில் அவருடைய ‘காப்பி’ என்னும் ஓவியம் சிறப்புப் பாராட்டைப் பெற்றது. ரியோவில் கல்வி அமைச்சகக் கட்டடத்தின் சுவர்களில் கரும்பும் பருத்தியும் இரும்பும் இரப்பரும் விளைவித்த உழைப்பை வரைந்தார். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகச் சுவர்களும் அவர் தூரிகையைக் கண்டன. வறட்சியால் ஊரை விட்டு வெளியேறும் எலும்புந்தோலுமான குடும்பத்தை 1944இல் அவர் தீட்டினார். இன்றும் காண்போரை அது உலுக்குகிறது.

ஆயினும், அவர் நாள்தோறும் கையாண்ட பொருளில் நஞ்சு இருந்தது. எண்ணெய் வண்ணங்களில் காரீயம் நெடுங்காலமாகக் கலக்கப்பட்டு வந்தது. காரீயத் தகடுகளைப் புளிக்காடியின் ஆவியில் வைத்துப் பெறப்படும் வெண்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்தால் காரீய வெள்ளை கிடைக்கும். (பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு உலோகம், பெயரைக்கொண்டு இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.) விரைவில் உலரும், அடியிலுள்ளதை நன்கு மறைக்கும், வெடிக்காமல் நிலைக்கும் என்பதால் ஓவியர்கள் அதை விரும்பினர். மஞ்சள் வண்ணங்கள் சிலவற்றிலும் காரீயம் உண்டு. துத்தநாக வெள்ளையும் டைட்டானிய வெள்ளையும் வந்த பின்னரும் பழைய வெள்ளை எளிதில் விடைபெறவில்லை.

எண்ணெயில் குழைந்த காரீயம் தோல் வழியே அவ்வளவாக நுழைவதில்லை. தூரிகையின் நுனியைக் கூராக்க உதட்டில் வைப்பது, வண்ணம் ஒட்டிய விரலோடு உண்பது, புகைப்பது, உலர்ந்த பூச்சைச் சுரண்டும்போது எழும் தூசியைச் சுவாசிப்பது ஆகியவையே அதன் வழிகள். உடலுக்குள் சென்றதும் அது சுண்ணாம்புச் சத்தைப்போல் நடித்து எலும்பில் குடியேறுகிறது. குருதி உருவாவதைத் தடுக்கிறது. நரம்புகளைத் தளரச் செய்கிறது. ஈறில் நீலக்கோடு படர்வதும், வயிறு முறுக்கி வலிப்பதும், மணிக்கட்டு துவண்டு தொங்குவதும் அதன் அடையாளங்கள். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700இல் வெளியிட்ட நூலிலேயே ஓவியர்களின் நலக்கேட்டுக்கு அவர்களுடைய வண்ணங்களைக் காரணமாகக் காட்டியிருந்தார். ஓவியர் வயிற்றுவலி என்றே இந்நோய்க்கு ஒரு பெயரும் வழங்கியது. அறியப்படாத நஞ்சால் போர்ட்டினாரி வீழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை.

ஐக்கிய நாடுகள் அவையின் நியூயார்க் தலைமையகத்திற்குப் பிரேசில் அரசு வழங்க விரும்பிய ‘போர்’, ‘அமைதி’ என்னும் இரு பேரோவியங்களின் பணி 1952இல் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1954இல், உடலில் காரீய நச்சு இருப்பது வெளிப்பட்டது. வண்ணங்களைத் தொடக்கூடாது என மருத்துவர்கள் தடுத்தனர். ஓவியத்தைத் தடுப்பது வாழ்வையே தடுப்பதாக அவருக்குப் பட்டது. தடையை மீறி 1956இல் இரண்டையும் முடித்தார். ‘போர்’ ஓவியத்தில் படைக்கருவி ஒன்றுகூட இல்லை; பிள்ளையை மடியில் கிடத்தி அழும் தாய்மார்களே நிறைந்திருக்கின்றனர். ‘அமைதி’யில் பிரோடோவ்ஸ்கியின் சிறுவர்கள் விளையாடுகின்றனர்.

மருத்துவர் சொல்லுக்கு அவர் முற்றிலும் செவிசாய்க்கவில்லை என்பதும் சரியன்று. தூரிகையை ஒதுக்கிவைத்த நாள்களில் வண்ணப் பென்சிலால் டான் குயிக்ஸோட் கதைக்காட்சிகளை வரைந்தார். ஆனால், அந்தக் கட்டுப்பாடு நீடிக்கவில்லை. 1957இல் நியூயார்க்கில் ஓவியங்கள் நிறுவப்பட்டபோது அவர் அங்கில்லை. பொதுவுடைமைக் கட்சியோடு கொண்ட தொடர்பால் அவ்விழாவுக்கு அவர் அழைக்கப்படவில்லை. 1960இல் பிறந்த பேத்தி டெனிசை மீண்டும் மீண்டும் தீட்டினார். இத்தாலியின் மிலான் நகரில் நடைபெறவிருந்த பெருங்கண்காட்சிக்காக ஓய்வின்றி உழைத்தார். நஞ்சு முற்றி, 1962 பிப்ரவரி 6 அன்று, 58ஆம் வயதில் மறைந்தார்.

தலைமையகக் கட்டடம் புதுப்பிக்கப்பட்ட காலத்தில், 2010இல், இரு பேரோவியங்களும் பிரேசிலுக்கு வந்தன. ரியோவில், அவர் சுவரோவியம் தீட்டிய பழைய கல்வி அமைச்சகக் கட்டடத்தில், அவை பொதுமக்கள் பார்க்கச் செப்பனிடப்பட்டன.