விதைநெல் காத்த வவிலோவ்

எவ்வளவு பசி வந்தாலும் விதைநெல்லைக் குத்திச் சமைக்கலாகாது என்பது நம் உழவர் வழக்கம். இவ்வழக்கத்தின் பொருளைத் தம் வாழ்வால் விளக்கியவர் ருஷ்ய அறிஞர் நிக்கொலாய் வவிலோவ்.

இவர் 1887-இல் மாஸ்கோவில் பிறந்தார். பஞ்சம் அடிக்கடி வாட்டிய நாடு அது. பசியைப் போக்க நல்ல விதை வேண்டும் என்று உணர்ந்த வவிலோவ், ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, மெக்சிகோ எனப் பல நாடுகளுக்குச் சென்று விதைகளைத் திரட்டினார். லெனின்கிராடு நகரில் அவர் நடத்திய நிலையத்தில், 1940-க்குள் ஏறத்தாழ 2,50,000 விதை மாதிரிகள் சேர்ந்தன.

ஒரு பயிரின் வகைகள் எங்கே மிகுந்துள்ளனவோ, அங்கேயே அது முதலில் பயிராகியிருக்கும் என்று 1926-இல் அவர் எழுதினார். நெல்லின் தாயகம் இந்தியா என்றே அவர் கணித்தார். இன்றைய மரபணு ஆய்வு அதைத் திருத்தியுள்ளது. முற்றியதும் மணியை உதிர்த்துவிடும் காட்டு நெல், மணி உதிராத பயிராகச் சிறிது சிறிதாக மாறியது சீனாவின் யாங்சி ஆற்றங்கரையில். அம்மாற்றம் தொடங்கி ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் ஆகின்றன. அந்நெல் பின்னர் இந்திய நெல்லுடன் கலந்ததால் நாம் உண்ணும் இண்டிகா இனம் உருவாயிற்று என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். முடிவு மாறினாலும், அவர் காட்டிய வழி ஆய்வாளருக்கு இன்றும் உதவுகிறது.

மரபியலையே மறுத்த லைசென்கோ என்பவருக்கு அரசின் ஆதரவு இருந்தது. அவரை எதிர்த்த வவிலோவ் 1940 ஆகஸ்டில் கைதானார். மறு ஆண்டு ஜெர்மானியப் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டன. நகரமே பட்டினியில் மடிந்தது. நிலையத்தின் ஊழியர்களோ விதைகளைத் தொடவில்லை. நெல் பிரிவைக் காத்த திமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களின் நடுவே 1942-இல் பசியால் உயிர் நீத்தார். வேறு சிலரும் அவ்வாறே மாண்டனர்.

உலகின் பசியைப் போக்க எண்ணிய வவிலோவும், 1943 ஜனவரி 26-ஆம் நாள் சராட்டோவ் சிறையில் பசியால் நலிந்து இறந்தார். அவர் குற்றமற்றவர் என 1955-இல் அறிவிக்கப்பட்டது. அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மதிய உணவு வேளையில் சோற்றை மீதம் வைத்துக் கொட்டுகிறோமே, அவ்வேளையில் இவானோவின் பொட்டலங்களை நாம் நினைத்துக்கொள்வோமாக. தங்களுக்குப்பின் வருவோர் உண்ண வேண்டும் என்றே அவர்கள் பசித்திருந்தார்கள்.