பூனைக்குட்டியின் தந்தை

ஹதீஸ் கிதாபுகளைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படும் திருநாமம் ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்களுடையது. அன்னார் வாயிலாக வந்துள்ள அறிவிப்புகளை 5,374 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ஸஹாபியை உலகம் அழைப்பதோ, பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள்படும் பெயரால்! அப்துர்ரஹ்மான் என்ற இயற்பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யமன் பக்கத்துத் தவ்ஸ் கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். இளமையில் வீட்டு ஆடுகளை மேய்த்து வந்தார்கள். அப்போது அவர்களிடம் ஒரு சின்னஞ்சிறு பூனைக்குட்டி இருந்தது. பகலில் அதைக் கூடவே கொண்டுபோய் விளையாடுவார்கள். இரவானால் ஒரு மரத்தில் வைத்துவிடுவார்கள். விளையாட்டோடு நிறுத்தாமல், இரவுக்கென்று அதற்கோர் இடமும் தேடினார்களே, அதைக் கவனியுங்கள்.

ஹிஜ்ரி 7-ல், கைபர் போர்ச் சமயத்தில், மதீனா வந்து சேர்ந்தார்கள். பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களில் ஒருவரானார்கள். பசி பொறுக்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. ஒருநாள் பாதையோரம் உட்கார்ந்திருந்த அவர்களின் முகத்தைப் பார்த்தே பசியைப் புரிந்துகொண்டார்கள் அருமை நாயகம் (ஸல்) அவர்கள். வீட்டில் ஒரு கிண்ணம் பால்தான் இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்துவரச் சொன்னபோது, தமக்கு என்ன மிஞ்சப் போகிறது என்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் மனம் தவித்தது. எல்லோரும் வயிறாரக் குடித்தபின், இனி இடமில்லை என்னும்வரை அவர்களும் குடித்தார்கள்.

பசியை அப்படி அறிந்தவர்கள் அறிவித்த ஹதீஸ்களில் ஒன்றுதான், பூனையைக் கட்டிப்போட்டு நரகம் புகுந்த பெண்ணைப் பற்றியது. அவள் தீனி போடவுமில்லை. பூச்சி புழுவைத் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்து விடவுமில்லை.

பழவேற்காட்டில் மீன் இறங்கும் இடத்தைச் சுற்றும் பூனை தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர் வீட்டைப் பூட்டினால், உள்ளிருக்கும் பூனைக்கு நாம் வைத்ததுதான் உண்டு. ஆகவே கிண்ணத்தில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு உண்டாகும். மீனை வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். உடம்பு சுடுகிறதென்று நாம் விழுங்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிரைப் பறிக்கும் விஷம். எலிமருந்து தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்துதான். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அடுத்த ஊசி எப்போது, குடற்புழு மருந்து எவ்வளவு என்பதையும் அவரிடமே கேளுங்கள். இதற்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் பூனையை அடைத்து வளர்க்காமல் இருப்பதே மேல்.

ஒளுத் தண்ணீரில் பூனை வாய் வைத்துவிட்டதே என்று சில வீடுகளில் அதை அடிப்பதுண்டு. ஷாஃபியீ மத்ஹபில் அந்தத் தண்ணீர் சுத்தமானது. ஹனஃபி மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது அதில் ஒளுச் செய்வது மக்ரூஹ் தன்ஸீஹ், ஒளு கூடிவிடும்.

பிற்காலத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், திண்ணையில் பசித்திருந்த இவர்களைப் பஹ்ரைனுக்கு ஆளுநராக்கினார்கள். கடைசிக் காலம் மதீனாவில் கழிந்தது. ஹிஜ்ரி 57-க்கும் 59-க்கும் இடையில், ஏறத்தாழ 78 வயதில் வஃபாத்தாகி, ஜன்னத்துல் பகீஃயில் அடங்கப்பெற்றார்கள்.