யார் இந்த எட்கர் காட்? சொந்த கம்பெனியே தள்ளிப்போட்ட ஐடியா, உலகத்தின் டேட்டாபேஸ் ஆன கதை!

ஐ.டி. வேலையில் இருப்பவர் என்றால், இன்று காலையில்கூட ஒரு எஸ்க்யூஎல் குவெரி ஓட்டியிருப்பீங்க. ஐ.டி. பக்கமே போகாதவர் என்றாலும் பேங்க் பேலன்ஸ் பார்த்திருப்பீங்க, டிக்கெட் புக் பண்ணியிருப்பீங்க. இதற்கெல்லாம் பின்னால் பெரும்பாலும் இருப்பது டேபிள்கள்தான். தகவலை டேபிளாகப் பார்க்கும் அந்த யோசனையைத் தந்தவர் எட்கர் எஃப். காட். ஆனால், அவர் வேலை பார்த்த ஐபிஎம் நிறுவனமே அதை உடனே கையில் எடுக்கவில்லை. ஏன்?

விமானி டு புரோகிராமர்

1923 ஆகஸ்ட் 19-ல் இங்கிலாந்தின் போர்ட்லேண்ட் தீவில் பிறந்தார் காட். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப் படையில் விமானி. 1948-ல் அமெரிக்கா போய், ஐபிஎம்மில் புரோகிராமராகச் சேர்ந்தார்.

அங்கே செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தது. அதில் வெறுத்துப்போய் 1953-ல் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். சில வருடம் கழித்துத் திரும்பி வந்தவர், நாற்பதைத் தாண்டிய வயதில், 1965-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அப்போ என்ன பிரச்சினை?

அன்றைய டேட்டாபேஸ்கள் மரம் மாதிரி இருந்தன. வங்கிக் கிளைக்குக் கீழே வாடிக்கையாளர், அவருக்குக் கீழே கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளையிலிருந்து கணக்குக்குப் போவது சுலபம். ஆனால், ஒரே ஆளுக்கு எத்தனை கிளைகளில் கணக்கு இருக்கு என்று திருப்பிக் கேட்டால் சிக்கல். ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்கித் தேடும் வழியை புரோகிராமரே எழுத வேண்டும். மரத்தின் அமைப்பை மாற்றினால் புரோகிராமையும் மாற்றணும்.

1970-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் காட் இதற்கு வழி சொன்னார். எல்லாத் தகவலையும் டேபிள்களாக வையுங்கள். பொதுவான மதிப்பை வைத்து ஒன்றோடு ஒன்றைச் சேருங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் மனிதர் கேட்கட்டும், எப்படி எடுப்பது என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும். இதுதான் ரிலேஷனல் மாடல்.

ஐபிஎம் ஏன் தயங்கியது?

காரணம் வியாபாரம். அப்பல்லோ விண்வெளித் திட்டத்துக்காக உருவான ஐஎம்எஸ் என்ற மர வகை டேட்டாபேஸ், ஐபிஎம்முக்கு நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. சொந்த சரக்குக்கே போட்டியாக இன்னொன்றை இறக்க யாருக்குத்தான் மனசு வரும்? புது முறை ரொம்ப ஸ்லோவாக இருக்கும் என்ற சந்தேகமும் பரவலாக இருந்தது.

காட் விடவில்லை. 1974-ல் எதிர் முகாமின் முன்னணி ஆளான சார்லஸ் பாக்மனோடு பொது மேடையில் நேருக்கு நேர் விவாதித்தார். ஐபிஎம் 'சிஸ்டம் ஆர்' என்ற சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கேதான் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் எஸ்க்யூஎல் மொழியை உருவாக்கினார்கள்.

ஆனால் கடைக்கு முதலில் சரக்கைக் கொண்டுவந்தது வேறொருவர். வெளிவந்த கட்டுரைகளைப் படித்த லாரி எலிசனின் குழு, 1979-லேயே ஆரக்கிளை விற்பனைக்கு இறக்கிவிட்டது. ஐபிஎம்மின் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 1981-ல்தான் வந்தது. எலிசன் உலகப் பணக்காரர்கள் பட்டியலுக்குப் போனார். காட்டுக்குக் கிடைத்தது 1981-ம் ஆண்டின் டூரிங் விருது. கணினித் துறையின் நோபல் என்பார்கள்.

அவருக்கு இருந்த மனக்குறை

எஸ்க்யூஎல்லில் காட்டுக்கு முழுத் திருப்தி இல்லை. ஒரே வரிசை இரண்டு முறை வர அது அனுமதிக்கிறது. அவருடைய கணிதத்தில் அதற்கு இடமே கிடையாது. பழைய டேட்டாபேஸ்களுக்கும் ரிலேஷனல் என்று லேபிள் ஒட்டி விற்கும் பழக்கம் வந்தபோது, 1985-ல் '12 விதிகள்' வெளியிட்டார். பூஜ்யத்திலிருந்து எண்ணினார் என்பதால் உண்மையில் அவை 13!

2003 ஏப்ரல் 18-ல், 79 வயதில் ஃபுளோரிடாவில் காலமானார் காட். அடுத்த முறை இரண்டு டேபிளை 'ஜாயின்' பண்ணும்போது, டூப்ளிகேட் வரிசை வந்து கடுப்பாகிறதா? அந்தக் கடுப்பு உங்களுக்கு முன்னாடியே அவருக்கும் இருந்தது.