பரிவீரன் தேசிங்கு

பாலாற்றங்கரையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. இவற்றுள் இராணிப்பேட்டை, ஆர்க்காட்டு நகருக்கு நேர் எதிரே, ஆற்றின் வடகரையில் அமைந்துள்ளது. 2019-ஆம் ஆண்டு முதல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகரமாகவும் விளங்குகின்றது. அவ்வூரின் பெயரில் உள்ள இராணி யார்? இதனை அறிய விரும்புவோர், தெற்கே செஞ்சிக் கோட்டை வரை ஒரு குதிரையின் குளம்படியைப் பின்பற்றிச் செல்லவேண்டும்.

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டப்பட்டது செஞ்சிக் கோட்டை. அதனைச் சிவாஜி 1677-இல் கைப்பற்றினார். அவருடைய மகன் இராசாராம் அங்கே தங்கி மொகலாயரை நெடுநாள் எதிர்த்து நின்றார். பல ஆண்டுகள் நீடித்த முற்றுகைக்குப் பின்னரே, 1698-இல், சுல்பிகர்கான் என்னும் படைத்தலைவன் கோட்டையைப் பிடித்தான். பின்னர் ஔரங்கசீப்பு, சொரூப்சிங் என்னும் புந்தேல இராசபுத்திரனிடம் கோட்டைக் காவலையும் அதற்குரிய சாகீரையும் ஒப்புவித்தார். அச்சொரூப்சிங்கின் மகனே தேஜ்சிங். அப்பெயர் நம் மக்களின் நாவில் தேசிங்கு ஆயிற்று.

அக்காலத்தில் நல்ல குதிரை என்பது பெருஞ்செல்வம். அரபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்திறங்கிய குதிரைகளுக்குத் தமிழ் மன்னர்கள் பொன்னை வாரி வழங்கினர். ஆயினும், அவற்றைப் பேணத் தெரிந்தோர் இல்லாமையால், வந்த குதிரைகளுட் பல விரைவில் மடிந்தன என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்துள்ளார். குதிரையேற்றம் என்பது விழா நாளில் ஏறி உலா வருவதன்று. விடியுமுன் எழுந்து உடலைத் தேய்த்துவிடவேண்டும். கொள்ளும் புல்லும் அளவறிந்து ஊட்டவேண்டும். குளம்பைத் துப்புரவு செய்து, தேய்ந்த இலாடத்தை மாற்றவேண்டும். சேணம் உராய்ந்து முதுகு புண்ணாகாமற் காக்கவேண்டும். இவ்வளவு உழைப்பையும் பெற்ற பின்னரே குதிரை தன் தலைவனை நம்பும். இராசபுத்திரர் இக்கலையைக் குலத்தொழிலாகவே கொண்டிருந்தனர்.

தேசிங்கின் குதிரையைப் பற்றி நாட்டுப்புறக் கதைப்பாடல் ஒன்று விரிவாகப் பேசுகின்றது. தில்லி மன்னனிடம் எவராலும் அடக்க இயலாத பாராசாரி என்னும் குதிரை இருந்ததாம். அதனை அடக்கப் புகுந்து தோற்ற தந்தை சிறைப்பட, இளஞ்சிறுவனான தேசிங்கு சென்று அதன்மேல் ஏறி அடக்கித் தந்தையை மீட்டானாம். வரலாற்றாசிரியர் கூறுவது வேறு. 1714-இல் தந்தை இறந்த செய்தி எட்டியபோது தேசிங்கு புந்தேல்கண்டில் இருந்தான். புதிதாக மணந்த மனைவியுடன் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியைக் கடந்து செஞ்சிக்குப் புறப்பட்டான். வழியில் கன்னட நாட்டுப் பிதனூர் அரசனுக்கு உதவி செய்து, அறுபதினாயிரம் ரூபாயும் உயர்ந்த குதிரை ஒன்றும் பரிசாகப் பெற்றான். தில்லியிலிருந்து வந்ததோ, பிதனூரிலிருந்து வந்ததோ, அக்குதிரையே அவன் பெயரோடு பிரியாது நிலைத்துவிட்டது.

செஞ்சியை அடைந்த தேசிங்கு, தந்தைக்குரிய கடன்களை முடித்துக் கோட்டையின் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். அப்போது ஆர்க்காட்டில் இருந்து கருநாடகத்தை ஆண்டவன் நவாபு சாதத்துல்லாகான். சொரூப்சிங்குக்கு அளித்த ஆணை அவனோடு முடிந்தது என்றும், ஔரங்கசீப்பு 1707-இலேயே இறந்தமையால் புதிய பேரரசரிடம் ஆணையைப் புதுப்பித்துப் பெறவேண்டும் என்றும் நவாபு கூறினான். பல ஆண்டுகளாகச் செலுத்தப்படாத கப்பம் எழுபது இலட்சம் ரூபாய் என்றும் கணக்குக் காட்டினான். தேசிங்கோ, தந்தை பெற்றது தனக்கும் உரியதே என்று நின்றான். அக்கால முறைப்படி நோக்கினால் நவாபின் வாதம் வலிமையற்றதன்று; சாகீர் வழிவழி வரும் சொத்தாகக் கருதப்படவில்லை. எனினும், அவ்வளவு பெருந்தொகையை ஓரிளைஞன் எங்கிருந்து கொணர்வான்? பேச்சு முறிந்தது. நவாபின் படை செஞ்சியை நோக்கி நடந்தது.

நவாபிடம் எண்ணாயிரம் குதிரைவீரரும் பதினாயிரம் காலாட்களும் இருந்தனர் என்பர். தேசிங்கிடம் இருந்தவை முந்நூற்றைம்பது குதிரைகளும் ஐந்நூறு வீரர்களுமே. அவனுடைய உயிர்த்தோழன் மகபத்துகான் என்னும் இசுலாமிய வீரன். நீலவேணி என்னும் குதிரையை உடைய அவன், திருமணப் பந்தலில் இருந்தபோது தோழனின் அழைப்பு வர, மணக்கோலத்தை நீக்கிப் போர்க்கோலம் பூண்டு வந்தான் என்று கதைப்பாடல் உருக்கமாகக் கூறும். எதிரே நின்றவன் தன் சமயத்தைச் சார்ந்த நவாபாயினும் அவன் நட்பு தளரவில்லை.

போருக்குமுன் தேசிங்கு, தான் வழிபடும் சிங்கவரம் அரங்கநாதர் கோயிலுக்குச் சென்றான். வேண்டாம் என்று தடுப்பார்போல் இறைவன் தலையைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்மக்கள் கூறும் கதை. அங்கே பள்ளிகொண்ட திருவுருவின் தலை சற்றே திரும்பியிருப்பதை அவர்கள் இன்றும் காட்டுவர்.

செஞ்சியாற்றில் வெள்ளம் பெருகி ஓடியது. வெள்ளம் வடியும்வரை கோட்டைக்குள் காத்திருந்தால், பல ஆண்டு முற்றுகையைத் தாங்கிய அம்மதில்கள் அவனையும் காத்திருக்கக்கூடும். அவன் காத்திருக்கவில்லை. தன் குதிரையை வெள்ளத்தில் இறக்கினான். அவனைத் தொடர்ந்து கரையேறியோர் சிலரே. அதனை வீரம் என்று புகழ்வோர் உண்டு; எமக்கோ, அவனை நம்பி வந்தவர்களின் உயிரையும் சற்று எண்ணியிருக்கலாம் என்றே தோன்றுகிறது. 1714 அக்டோபர் 3-ஆம் நாள் செஞ்சிக்கு அருகே நிகழ்ந்த அப்போரில் மகபத்துகான் வீழ்ந்தான். தேசிங்கும் களத்திலேயே மடிந்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. செஞ்சியை அவன் ஆண்டது ஓராண்டுகூட நிரம்பவில்லை.

செட்டிகுளத்தின் வடகரையில் அவன் உடலுக்கு எரியூட்டினர். அவன் இளம் மனைவியும் அத்தீயில் இறங்கி உயிர் துறந்தாள். தொலைநாட்டிலிருந்து வந்து, ஓராண்டுக்குள் கணவனை இழந்த அப்பெண்ணுக்கு அக்கால வழக்கம் வேறு வழி காட்டவில்லை. அக்கொடிய வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

வென்றவன் மகிழவில்லை போலும். ஆர்க்காடு திரும்பிய நவாபு, பாலாற்றின் மறுகரையில் அவ்விராணியின் நினைவாக ஒரு பேட்டையை அமைத்தான் என்பது வழிவழி வரும் செய்தி. அதுவே இராணிப்பேட்டை.

தேசிங்கின் கதையைத் தெருக்கூத்தர்களும் கதைப்பாடகர்களும் ஊர்தோறும் பரப்பினர். செஞ்சியை அடுத்த கடலிப் பக்கத்தில், மகபத்துகானின் கல்லறையையும் தேசிங்கின் குதிரையைப் புதைத்த இடத்தையும் ஊரார் காட்டுகின்றனர். இராணிப்பேட்டையிலோ, பிற்காலத்தில் ஆங்கிலேயர் தம் குதிரைப்படையை நிறுத்திவைத்தனர். பரிவீரன் ஒருவனின் மனைவி பெயரைத் தாங்கிய அப்பேட்டையில் மீண்டும் குளம்பொலி கேட்டது. இன்று அங்கே கேட்பது தோல் ஆலைகளின் ஓசை.