பரீட்சையில் ஷேக்ஸ்பியரிடம் கோட்டைவிட்டவர்... ஜப்பானுக்கு மொத்த ஷேக்ஸ்பியரையும் தந்த கதை!

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒரு பரீட்சை. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் வரும் ராணி கெர்ட்ரூடின் குணச்சித்திரத்தை அலசச் சொல்லிக் கேள்வி. ஒரு மாணவர், அந்த ராணி நல்லவளா கெட்டவளா என்று தீர்ப்பு எழுதிவைத்தார். பேராசிரியர் கேட்டது தீர்ப்பை இல்லை, அந்தப் பாத்திரம் எப்படி உருவாக்கப்பட்டிருக்கிறது என்ற விளக்கத்தை. மார்க் போச்சு!

அந்த மாணவர்தான் ட்சுபோச்சி ஷோயோ. பிற்காலத்தில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அனைத்தையும் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். ஒரு ஊரின் நாடகத்துக்கு இன்னொரு ஊரின் வேஷம் போட்டால் அது யாருடைய நாடகம்? இந்தக் கேள்வி வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை.

யார் இந்த ஷோயோ?

1859-ல் இன்றைய கிஃபு மாகாணத்தில், சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் யூஸோ. குடும்பம் நகோயாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அங்கே இரண்டு விஷயங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, வாடகைக்குப் புத்தகம் தரும் ‘தைஸோ’ என்ற கடை. இன்னொன்று, பாட்டும் நடனமும் பிரம்மாண்ட ஒப்பனையும் கலந்த கபுகி நாடகம்.

பரீட்சையில் பட்ட அடிக்குப் பிறகு மேற்கத்திய இலக்கிய விமர்சனத்தைத் தேடித் தேடிப் படித்தார். 1883-ல் பட்டம் வாங்கினார். 1885-ல் ‘நாவலின் சாரம்’ என்று பொருள்படும் ‘ஷோசெட்சு ஷின்ஸுய்’ வெளிவரத் தொடங்கியது. கதையின் வேலை நீதி போதிப்பது அல்ல, மனித மனதைக் காட்டுவது என்று அதில் வாதிட்டார். நவீன ஜப்பானிய இலக்கியம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பவர்கள் உண்டு.

முதல் முயற்சி: சீஸருக்கு ஜப்பானிய வேஷம்

1884-ல் அவர் ‘ஜூலியஸ் சீஸர்’ நாடகத்தை மொழிபெயர்த்தார். எப்படித் தெரியுமா? ஜோருரி பாணியில். ஜோருரி என்பது பொம்மலாட்டத்துக்காக ஒருவர் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் இசையோடு கதை சொல்லும் கலை. ரோமாபுரி அரசியல்வாதிகள் பழைய ஜப்பானிய நடையில் பேசினார்கள்.

அடுத்த ஆண்டே ஒசாகாவில் இன்னொரு சம்பவம். இதில் ஷோயோவுக்குப் பங்கில்லை. ஷேக்ஸ்பியரின் காமெடியான ‘வெனிஸ் வணிகன்’ கபுகியாக மேடையேறியது. செர்ரி பூக்கும் காலத்தையும் காசு ஆளும் உலகத்தையும் சேர்த்துத் தலைப்பு வைத்திருந்தார்கள். வெனிஸ் போய் ஒசாகா வந்தது. பாத்திரங்கள் எல்லாம் ஜப்பானியர் ஆனார்கள்.

காமெடி ஏன் செட் ஆச்சு?

கடனைத் திருப்பித் தராவிட்டால் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை. இந்த ஒப்பந்தத்தைச் சுற்றித்தான் மொத்தக் கதையும். 1868-க்குப் பிறகு ஜப்பானில் எல்லாமே மாறிக்கொண்டிருந்தது. சாமுராய்களின் பரம்பரை மானியம் போனது, புதுச் சட்டங்களும் பணப் பொருளாதாரமும் வந்தன. பணம், பத்திரம், கோர்ட் என்று ஓடும் கதை அந்த மக்களுக்கு அந்நியமாக இருந்திருக்காது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்தக் காமெடியில் போர்ஷியா என்ற பெண், ஆண் வக்கீலாக வேஷம் போட்டு வாதாடுவாள். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் பாத்திரங்களில் பையன்கள்தான் நடித்தார்கள். ஜப்பானிலும் 1629-ல் பெண்கள் மேடையேறத் தடை வந்தபின் கபுகியில் ஆண்களே பெண்ணாக நடித்தார்கள். ஆக, பெண்ணாக நடிக்கும் ஆண், மறுபடி ஆணாக வேஷம் போடுவது இரண்டு ஊர் மேடைக்குமே பழகிய வித்தை.

1911: விழுந்த அடி

கதையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஷேக்ஸ்பியரின் மொழி தொலைந்துபோகும் என்று ஷோயோவுக்குத் தெரிந்தது. அதனால் எதிர்த் திசையில் போனார். 1909-ல் தன் வீட்டு வளாகத்திலேயே நடிப்புப் பயிற்சி தொடங்கி, பெண்களையும் சேர்த்தார். 1911-ல் அவருடைய குழு இம்பீரியல் தியேட்டரில் ‘ஹாம்லெட்’ போட்டது. மாணவி மட்சுய் சுமாகோ ஒஃபீலியாவாக நடித்தார்.

ஆனால் நாவலாசிரியர் நட்சுமே சோசெகி கடுமையாக விமர்சித்தார். ஷேக்ஸ்பியருக்கு விசுவாசமாக இருக்கப் போய், எதிரே உட்கார்ந்திருக்கும் ஜப்பானியப் பார்வையாளரைக் கைவிட்டுவிட்டார் என்பது அவர் சொன்னதன் சாரம். இதற்கிடையே சுமாகோவுக்கும், ஷோயோவின் சீடரும் திருமணமானவருமான ஷிமாமுரா ஹோகெட்சுவுக்கும் காதல். குழு உடைந்தது. 1913-ல் கலைக்கப்பட்டது.

விடாமல் திருத்தினார்

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். ஷோயோ மறுபடி மேஜைக்குத் திரும்பினார். 1915-ல் வசேதா பல்கலைக்கழகப் பணியை விட்டார். 1928-ல் 40 தொகுதிகள் முடிந்தன. அதே ஆண்டு லண்டனின் பழைய ஃபார்ச்சூன் தியேட்டர் மாதிரியில் கட்டப்பட்ட நாடக அருங்காட்சியகம் வசேதாவில் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே இருக்கிறது.

அதுவும் போதவில்லை அவருக்கு. நடிகர் வாயில் சரளமாக வரவேண்டும், கேட்பவருக்கு உடனே புரியவேண்டும் என்று பேச்சு நடைக்கு நெருக்கமாக மொத்தத்தையும் திருத்தினார். அந்தத் திருத்தப் பதிப்பு 1933 முதல் வெளிவந்தது. 1935 பிப்ரவரி 28 அன்று அதாமி நகரில் காலமானார். வயது 75.

இன்றைக்கும் அதே கேள்வி

தைவானின் நாட்டார் இசை நாடகமான கெஜாய்ஷியில், கதாநாயகன் வேஷத்தைப் பெண்களே போடுவது வழக்கம். அதே தைவானில், சீனாவின் ஹெனான் பகுதியிலிருந்து வந்த பாங்ட்ஸி இசை நாடகக் குழு 2009-ல் ‘வெனிஸ் வணிகன்’ கதையைத் தழுவியது. வட்டிக்கடைக்காரர் ஷைலாக்காக நடித்தவர் வாங் ஹாய்-லிங் என்ற நடிகை.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? பாட்டுக்காக வசனத்தை எவ்வளவு வெட்டலாம்? ஒவ்வொரு தழுவலிலும் இதை மறுபடி முடிவு செய்தாக வேண்டும். ஷோயோவிடமும் ரெடிமேட் பதில் இல்லை. ஐம்பது வருஷத்தில் ஜோருரி நடையிலிருந்து பேச்சு நடை வரை அவர் வந்து சேர்ந்தது, ஒவ்வொரு தடவையும் தன் முந்தைய பதிலைத் தானே திருத்திக்கொண்டதால்தான்.