இராமானுசன்: துயரமும் மனச்சோர்வும்

கணிதமேதை சீனிவாச இராமானுசன் 1887 திசம்பர் 22ஆம் நாள் நம் கொங்கு நாட்டு ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். இம்மேதையின் அறிவை வியக்கும் நாம், அவருடைய உள்ளம் பட்ட பாடுகள் அனைத்தையும் துயரம் என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அஃது எனக்கு உடன்பாடன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் காட்டுவார். பிறரால் இகழப்படுதலும், உரியதை இழத்தலும், முன்னிருந்த நிலை கெடுதலும், நல்குரவும் அழுகையைப் பிறப்பிக்கும் என்பது கருத்து. ஆக, துயருக்கு ஒரு வாயில் உண்டு. அவ்வாயில் அடைபடத் துயரும் தணியும்.

இராமானுசனின் இளமைத் துயரங்கள் இந்நான்கினுள் அடங்குவன. கும்பகோணம் அரசு கல்லூரியில் கணிதமல்லாத பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும், 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தாள் வாங்க வழியின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றினார். இளிவும் வறுமையும் ஒருங்கே சூழ்ந்த அவ்வாண்டுகளிலேதான் அக்குறிப்பேடுகள் நிறைந்தன. துயருற்ற அவர் கணக்கின் சுவையை இழந்தாரல்லர். அச்சுவையே அவருக்குப் பற்றுக்கோடாயிற்று. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. 1913இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு கப்பலேறினார்.

இங்கிலாந்தில் நேர்ந்தது வேறு. 1917இன் இளவேனிலில் நோயுற்றார். மருத்துவர் முதலில் இரைப்பைப் புண் என்றனர். பின்னர்க் காசநோய் என்றனர். (ஈரல் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது 1994இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வின் முடிவு.) போர்க்காலமாதலால் மரக்கறி உணவு அரிதாயிற்று. மனைவி சானகி எழுதிய கடிதங்கள் மாமியாரால் தடுக்கப்பட்டு அவரை அடையவில்லை. டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவியும் அவ்வாண்டு கிட்டவில்லை. ஒரு மருத்துவ விடுதியிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றப்பட்டார். 1918இன் தொடக்கத்தில் இலண்டன் நிலத்தடி இருப்புப்பாதையில் உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்தார். வண்டி உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டமையால் காயங்களோடு பிழைத்தார். அவரைக் காவலர் பிடித்துச் சென்றனர்; ஹார்டி விரைந்து சென்று மீட்டார். தற்கொலை முயற்சி அந்நாட்டில் 1961 வரை குற்றமாகவே கருதப்பட்டது. நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே அம்முயற்சியைக் கடும் மன அழுத்தத்தின் விளைவாகக் கொள்ளுமாறு பணித்தது.

இங்கும் காரணங்கள் உளவே என்பர். உண்டு, நான்கு நிலைக்களன்களையும் இவ்வாண்டில் காட்டிவிடலாம். ஆயினும் காரணங்களை எண்ணிக் கூட்டினால் அம்முடிவு விடையாக வருவதில்லை. கும்பகோணத்திலும் காரணங்கள் இருந்தன. அங்கே குறிப்பேடும் இருந்தது. துயரம் அலைபோல் வந்து மீளும். இடையில் பசி எடுக்கும், உறக்கம் வரும், நண்பர் சொல் இனிக்கும். மனச்சோர்வு நோயிலோ இவையெல்லாம் வாரக்கணக்கில், நாளின் பெரும்பகுதியும் அற்றுப்போகின்றன. விரும்பியதில் விருப்பம் வறளும். தாம் எதற்கும் தகுதியற்றவர் என்னும் எண்ணம் வேரூன்றும். நற்செய்தி செவியில் விழுந்தும் உள்ளத்தைத் தொடாது. நெடிய உடல்நோய் அதற்கு வழிகோலுவதும் உண்டு. மருந்தாலும் உரையாடல் மருத்துவத்தாலும் அது தீர்க்கத்தக்கது. நம் ஊர்ப்பக்கத்தில் ஒருவர் ஒடுங்கியிருந்தால் என்ன குறை என்று வினவுவதே வழக்கம். துயருற்றார்க்கு அவ்வினா ஆறுதல். நோயுற்றார்க்கோ விடை சொல்ல இயலாத மற்றொரு தேர்வு.

இறந்தாரை நோயாளராக்கித் தீர்ப்பிடுவது என் நோக்கமன்று. ஆனால் காலக்கணக்கை நோக்குக. இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது 1918 மே 2ஆம் நாள். அப்பெருமையினால் தெளிந்தார் எனப் பலர் கூறுவர். ஹார்டியும் அவ்வாறு கருத இடம் தருகிறார். எனினும், உடல் தேறும் குறிகளும் பணியில் ஊக்கமும் இலையுதிர் காலத்திலேதான் தோன்றின என்று அவரே குறிக்கிறார். துயரமாயின் மே மாதத்திலேயே விலகியிருக்கும் அன்றோ? இடைப்பட்ட மாதங்கள்தாம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

1919இல் தாயகம் மீண்டார். உடல் மெலிந்து, வலி மிகுந்து, தாய்க்கும் மனைவிக்கும் இடையே பிணக்கும் முற்றியிருந்த ஆண்டு அது. சாவு அணுகுவது அறியாதவரல்லர். இத்துணைத் துயரிடையேயும் படுக்கையிலிருந்தே கணித்துக்கொண்டிருந்தார். போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதியதொரு கண்டுபிடிப்பை 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதியனுப்பினார். அவ்வாண்டு ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார், அகவை 32. அவ்விறுதி ஆண்டில் எழுதிய தாள்களை 1976இல் ஜார்ஜ் ஆண்டுரூசு டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் அவை.