பீர்த் தொட்டிக்கு மேலே பிறந்த சோடா

1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போதகராக வந்த ஜோசப் ப்ரீஸ்ட்லி குடியேறியது ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில். வேற யாராச்சும்னா வாடை தாங்கலன்னு புலம்பியிருப்பாங்க. இவர் உள்ளே போய் நொதிக்கிற தொட்டியை எட்டிப் பார்த்தார். பீருக்கு மேலே ஏதோ ஒரு காற்று தேங்கி நிக்குது. எரியுற குச்சியை நீட்டினா அணைஞ்சுடுது. நாம இப்போ கார்பன் டை ஆக்ஸைடுன்னு சொல்றது அதைத்தான்.

அந்தக் காற்றுக்குள்ளேயே ரெண்டு பாத்திரத்தைப் பிடிச்சு, டீ ஆத்துற மாதிரி தண்ணியை மாத்தி மாத்தி ஊத்தினார். ஊத்த ஊத்த வாயுவைத் தொடுற பரப்பு கூடுது, கரையுது. சில நிமிஷத்துல சோடா! (பீரைக் கிளாஸில் ஊத்தினா வாயு வெளியேறுறதும் இதே கதைதான், திசை மட்டும் தலைகீழ்.)

1772-ல் செய்முறையைப் புத்தகமாவே போட்டுட்டார். மறுவருஷம் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் கிடைச்சுது. காசு பார்த்தது என்னவோ, 1783-ல் ஜெனீவாவில் கம்பெனி ஆரம்பிச்ச ஷ்வெப்.

1791-ல் பர்மிங்காமில், இவருடைய மதக் கருத்தும் பிரெஞ்சுப் புரட்சி ஆதரவும் பிடிக்காத கும்பல் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் அழிச்சுது. 61 வயசுல அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பென்சில்வேனியாவில் மறுபடி ஒரு ஆய்வுக்கூடம் கட்டினார். 1804-ல் அங்கேயே இறந்தார்.